மூன்று இழுப்பு

பிளேட் பைக்கற்றின் புதுவிலையைக் கேட்டுவிட்டு
வெறுங்கையோடு வந்த உதயசீலன்
அன்றிரவே, எரிந்துபோன மேசை ஃபானின்
இறக்கையை வெட்டத் தொடங்கினார்.

அலுமினியத் தகடு இரண்டு.
பிளேட்டின் துளைக்குள் போகிற முளை ஒன்று.
விளிம்பு மட்டும் வெளியே தெரிய
இரண்டையும் இறுக்க ஒரு ஆணி.
பிடியில் செப்புக் கம்பி,
வரிக்கு வரி நெருக்கமாக.
சுற்றுவதுதானே தொழில்.
களுவாஞ்சிகுடி சந்தைக்குப் பின்னால்
கருகின தண்ணிப் பம்புகளுக்கு
மோட்டார் சுற்றிக் கொடுக்கிறவர்.

தீட்டுவதற்கு என்னிடம் துணி கேட்டார்.
கட்டையாக்கத் தந்த ஜீன்ஸ் ஒன்றின்
வெட்டின கால்நுனியைக் கொடுத்தேன்.
பலகையில் அறைந்தார்.
"இழுக்கோணும். தள்ளப்படாது.
தள்ளினா துணிதான் போகும்"
தனக்குத்தானே சொன்னார்.
விடிய முகம் வழித்துவிட்டு
கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.
பார்த்தேன்.
பொய்யில்லை.

பிளேட் எனக்கும் வேண்டும்.
அந்த வருசம் புதுத்துணி தைக்க எவரும் வரவில்லை.
வந்ததெல்லாம் பிரிப்பு.
அக்காவின் யூனிபோம் தங்கைக்கு,
செத்தவரின் சேட் மருமகனுக்கு.
பிள்ளைத்தாச்சிகளைத் தவிர
ஊரில் எல்லாருக்கும் உடம்பு குறைந்திருந்தது.
நானே தைத்ததை நானே அவிழ்த்தேன்,
ஒரு நாளைக்கு ஏழு, எட்டு.

அவர் முகத்தில் ஓய்ந்த பிளேட்தான்
எனக்கு வரும்.
ஒரு விளிம்பில் பிளாஸ்டர் ஒட்டி
ஊசிப் பெட்டிக்குள் வைத்திருப்பேன்.
ஓய்ந்த பிளேட்டுக்கு ஒரு புத்தி உண்டு.
நூல் எது, துணி எது என்று
அதற்குத் தெரியும்.
விறைத்து நிற்கிற நூலை அறுக்கும்.
தளர்ந்து கிடக்கிற துணியில்
வழுக்கிக்கொண்டு போகும்.
இதை நான் அவருக்குச் சொன்னதில்லை.
அவர் கேட்டதுமில்லை.

வியாழக்கிழமை புவிராணி டீச்சர்
பட்டுச் சட்டையோடு வந்தா.
"கவனம் புள்ள, என்ட கலியாணச் சட்டை.
ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயம்.
ரெண்டு பக்கமும் அரை இஞ்சி விடு."

கரண்ட் இல்லாத நேரம்.
ஃபோன் வெளிச்சத்தை நாடியில் இடுக்கிக்கொண்டு
எப்போதும் போல அழுத்தினேன்.
நூல் அறுகிற சின்னச் சத்தம்
கேட்கவில்லை.
கை தண்ணிக்குள் போவது போலப் போனது.
விரல் எரிந்த பிறகுதான் பார்த்தேன்.
தையலை விட்டு விலகி
கமக்கட்டிலிருந்து இடுப்பு வரைக்கும்
பட்டு திறந்து கிடந்தது.

கதவடியில் நின்றுகொண்டு சொன்னார்:
"நீ மல்லுக்கட்டுறதைப் பார்த்திட்டு
ராத்திரி பதினைஞ்சு இழுப்பு இழுத்து
பிளாஸ்டரும் ஒட்டி உனக்கு வைச்சன்.
உன்ட மொட்டையை நான் எடுத்தன்."

ஏசுவதற்குத்தான் நிமிர்ந்தேன்.
தாடையில் மூன்று இடத்தில்
பேப்பர்த் துண்டு ஒட்டியிருந்தது,
ரத்தம் ஊறி.

வெள்ளி முழுக்க
கைத்தையலில் பக்கத் துண்டு வைத்தேன்.
டீச்சரிடம் உள்ளதைச் சொன்னேன்.
சட்டையைத் திருப்பி, திருப்பிப் பார்த்தா.
காசைக் குறைக்காமல் தந்தா.
நிச்சயத்தில் ஒரு கையை
உடம்போடு ஒட்டியே வைத்திருந்தாவாம்.
அதற்குப் பிறகு
எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இப்போது அந்தப் பலகையின் தலைப்பில்
தையல் சோக்கால் எழுதியிருக்கிறேன்:
முகம் பதினைந்து.
துணி மூன்று.

என்னுடைய பிளேட்டைப் பூட்டிக்கொண்டு
ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று
கேட்கும்படி எண்ணுவார்.
மூன்றில் நிற்பது அவருக்குப் பெரிய பாடு.
நாலாவதுக்குக் கை தானாக எழும்பும்.

நான் மெசினை நிறுத்துவேன்.